ஒற்றை இலைத் தொட்டி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பா நலம், அவருடைய முட்டிவலி அவரைவிட நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே விடாமல் மழை என்று கேள்விப்பட்டேன். ஈரத் தலையோடு படுத்துவிடாதே.

போனில் நீ கூப்பிட்டபோது நான் பேசவில்லை என்று கோபப்படாதே. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "கேளுடி, மாப்பிள்ளை சௌக்கியமான்னு கேளு, மழையான்னு கேளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு "ம்" மட்டும்தான் வந்தது. வாய் செய்யாத வேலையைக் கை செய்யட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நர்சரியில் இப்போது எனக்குப் பின்பக்கம், பச்சை வலைக்குக் கீழே வேலை. மண் கலப்பது, பை நிரப்புவது, தொட்டி மாற்றுவது. முதலில் முன்னால் நின்று விற்கத்தான் சொன்னார் முதலாளியம்மா. வந்தவர் ஒருவர், "இந்த ரோஜா நல்லாப் பூக்குமா?" என்றார். நான் ரோஜாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னடி, செடியே பதில் சொல்லும்னு நிக்கிறியா?" என்று சிரித்து, என்னைப் பின்னால் அனுப்பிவிட்டார். ஒன்பதாவதில் எழுந்து நின்று பாடம் வாசி என்றார்களே, அன்றோடு பள்ளிக்கூடத்தையும் விட்டேன், முன்வரிசையையும் விட்டேன். பின்பக்கம்தான் எனக்குச் சரி.

உன் கட்டிலில் அப்பா துணியை மடித்து அடுக்குகிறார். நான் எடுத்து அலமாரியில் வைக்கிறேன். மறுபடி அடுக்குகிறார்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ சொன்னது நினைவிருக்கிறதா? "பின்னாடி ஒரு ரூம் இருக்குடி, அது உனக்குத்தான். வீடு கொஞ்சம் செட் ஆகட்டும், கூப்பிட்டுக்கறேன்." சும்மா கேட்கிறேன். வீடு செட் ஆகிவிட்டதா?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

எப்போதும் உன் பின்னாலேயே வருகிற,
வாலு


ஆகஸ்ட் 27

என் வாலுக்கு,

நாங்கள் சுகம். மாமாவுக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவுக்குத் தைலம் தேய்த்துவிடு, "வேண்டாம்" என்பார், விடாதே.

இங்கே வீடு கலகலப்பாக இருக்கிறது. மாமாவின் தங்கை பாப்பா வந்துவிட்டாள். பத்தொன்பது வயதாகிறது, இன்னும் எல்லோருக்கும் பாப்பாதான். அவளுடைய காலேஜ் இங்கிருந்து பக்கம் என்பதால் பின்ரூமில் அவளைப் போட்டிருக்கிறோம். செடிகொடி பற்றிய படிப்பு. ஜன்னல் எல்லாம் பாட்டிலும் வேரும்தான்.

உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும். மாமா வேலை பார்க்கும் பம்பு ரூமுக்குப் பின்னால் சரிவை வெட்டி ரோடு போடுகிறார்கள். மண் அள்ளும் வண்டி வருவதற்குள் ஓடிப்போய் பாப்பா ஒரு செடியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். செடி என்றால் ஒரே ஓர் இலை. வட்டமாக, விசிறி மடிப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக, ஒரு காம்பின் மேல் நிற்கிறது. வந்ததிலிருந்து சோர்ந்துபோய்க் கிடக்கிறது. ஓரம் பழுப்பாகிறது. இரண்டாவது இலை வரவே இல்லை. "பேர் தெரிஞ்சாத்தானே அண்ணி, என்ன வேணும்னு தெரியும்" என்று தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் சொன்னேன், "கவலைப்படாதே, என் தங்கச்சிகிட்ட கேக்கறேன்" என்று. உடனே எழுது.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். மாமாவின் சளி நின்றதா? தைலம் தேய்த்தேன், நீ சொன்னபடியே "வேண்டாம்" என்றார்.

ஒற்றை இலை, ஒற்றைக் காம்பு என்றால் அது கிழங்கு வகையாகத்தான் இருக்கும். சேனை முளைக்கும்போதும் ஒரே தண்டுதானே. கிழங்குக்கு வெயிலும் தண்ணீரும் வேண்டும். தொட்டியை வாசல் வெயிலில் வை. தொழு உரம் ஒரு கை போடு. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்று. சோர்வெல்லாம் போய்விடும்.

இந்த மாதிரி விஷயமெல்லாம் காலேஜில் சொல்லித் தர மாட்டார்களா? எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

பின்ரூமில் ஜன்னல் உண்டு என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு


செப்டம்பர் 30

என் கண்ணுக்கு,

நலமா? இங்கே நலம்தான், செடி மட்டும் நலமில்லை. நீ சொன்னபடியே வெயிலில் வைத்தேன். இரண்டே நாளில் இலை நடுவில் காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது. பாப்பா ஓடிவந்து உள்ளே தூக்கிப்போனாள். உன்னைக் குறை சொல்லவில்லை, எட்டாத ஊரிலிருந்து பார்க்காமல் சொன்னாய், பாவம்.

பாப்பா இப்போது அது தரையில் வளரும் ஆர்க்கிட் என்கிறாள். வகுப்பில் யாரும் நம்பவில்லையாம். "பூ இல்லாம எப்படிச் சொல்றே?" என்று கேட்கிறார்களாம். உங்கள் நர்சரியில் ஆர்க்கிட் இருக்கிறதே, அதை எப்படி வளர்க்கிறீர்கள்?

இவளும் நல்ல பெண். நான் பாத்திரம் தேய்த்தால் வந்து நிற்கிறாள், துணி உலர்த்தினால் வந்து நிற்கிறாள். போன வாரம் என்னை அறியாமல், "அடி வாலு, தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. மாமாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒரே சிரிப்பு.

அப்பாவுக்கு என் வணக்கம். சீக்கிரம் எழுது.

அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரும் நலமாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது.

ஆர்க்கிட் மரத்தில் ஒட்டி வளர்வது. எங்கள் நர்சரியில் ஒரு ஆர்க்கிட்டைக்கூட மண்ணில் வைத்ததில்லை. கரித்துண்டிலும் ஓட்டாஞ்சில்லிலும் வைத்து, கூடையில் தொங்கவிடுவோம். அது ஆர்க்கிட்தான் என்று படித்தவர்கள் சொன்னால், மண்ணிலிருந்து பிடுங்கி, வேரைக் கழுவி, கரியில் வைக்கச் சொல்.

வேலை அதிகம்.

இப்படிக்கு,
அப்பாவின் இரண்டாவது மகள்


நவம்பர் 25

அடியே,

என்ன உனக்கு? உடம்பு சரியில்லையா? கையெழுத்துகூட உன்னுடையது மாதிரி இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தால், தபால்கார அண்ணன் ஒரு பக்கம்கூட நிறையாத காகிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். யாராவது ஏதாவது சொன்னார்களா? அப்பா திட்டினாரா?

கரி விஷயத்தைச் சொன்னேன். பாப்பா முகம் சுருங்கிவிட்டது. "அண்ணி, இது தரையில இருந்ததுதானே, கரியில எப்படி?" என்றாள். "என் தங்கச்சி செடியோடயே கிடக்கிறவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போல. தொட்டியை எடுத்துக்கொண்டு பின்ரூமுக்குப் போய்விட்டாள். இப்போது கரியில்தான் இருக்கிறது. இருந்த ஒரு இலையும் மஞ்சளாகி விழுந்துவிட்டது.

உன் உடம்பைப் பற்றி உடனே எழுது. செடி கிடக்கட்டும்.

அக்கா


டிசம்பர் 14

வணக்கம்.

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். அண்ணியின் தங்கைக்கு என்ன முறை என்று அண்ணனைக் கேட்டேன். "பேரைச் சொல்லிக் கூப்பிடு, இதுக்குப் போய் முறையா" என்றான். அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் அப்பாவும் சுகமா? இங்கே எல்லோரும் சுகம். அண்ணி மட்டும் கொஞ்ச நாளாகத் தபால் வரும் நேரத்தில் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறார்.

நான் பாப்பா. எனக்கு உன்மேல் கோபம். கரிக்காக இல்லை. இந்த வீட்டில் நான் எதைச் செய்தாலும் அங்கே நீ முன்பே வந்து நிற்கிறாய். துணி மடித்தால், "என் தங்கச்சி ஓரம் சேர்த்து மடிப்பா." தேநீர் போட்டால், "என் தங்கச்சி இன்னும் கொஞ்சம் கொதிக்கவிடுவா." கண்ணால் பார்க்காத ஒருத்தியோடு சண்டையும் போட முடியவில்லை.

வாலு என்று என்னை ஒன்றரை மாதம் கூப்பிட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது. உன் நவம்பர் கடிதம் வந்த அன்று அண்ணி அதைப் படித்துவிட்டு, கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சமையலறையில், "இனிமே இவளை யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அதை எடுத்து உன் பழைய கடிதங்களோடு வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அது உன் பெயர் என்று. அண்ணிக்கு அது எந்த அளவு புரிந்ததோ தெரியாது, கை தானாக எட்டி விளக்கை அணைத்த மாதிரி சொன்னார்.

சரி, செடி. கழுவுவதற்காக மண்ணை உதறியபோது கீழே கோலிக்குண்டு மாதிரி வெள்ளையாக ஒரு கிழங்கு இருந்தது. அதிலிருந்து ஒரு நூல் ஓடி, நுனியில் இன்னொரு கிழங்கு. ஒன்றை நீ சொன்னபடி கரியில் வைத்தேன். மற்றதை யாருக்கும் தெரியாமல் மக்கிய இலையும் மண்ணும் கலந்து, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கரியில் வைத்தது சுருங்குகிறது. மண்ணில் வைத்ததில் ஒன்றும் முளைக்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

லீவில் அண்ணனைப் பார்க்க வந்திருந்தபோது, முதல் மழை சமயத்தில், செடியைப் பெயர்த்த அதே சரிவில் இலையே இல்லாத ஒரு பூவைப் பார்த்திருக்கிறேன். வெறும் தரையிலிருந்து ஒரு தண்டு, அதில் தலைகுனிந்த மூன்று பூ. படம் போட்டு அனுப்புகிறேன். அந்த இடத்தில் வேறு எந்தச் செடியும் இல்லை. உனக்குத் தெரியுமா? என்னைவிட உனக்குத்தான் தெரிந்திருக்கும் என்று அண்ணி சொல்வதால் கேட்கிறேன்.

நலம் விரும்பும்,
பாப்பா


ஜனவரி 2

உங்களை அக்கா என்று எழுத எனக்கு வரவில்லை. எனக்கு அக்கா ஒருத்திதான். அதனால் இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நானும் அப்பாவும் நலம். நீங்கள் நலமா?

கரியில் இருப்பதை இன்றே எடுத்து மண்ணில் வையுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் படத்தை வேலை செய்கிற இடத்தில் கலவை மூட்டைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்களிடம் பந்து லில்லி என்று ஒன்று உண்டு. வெறும் மண்ணிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, சிவப்புப் பந்து மாதிரி பூக்கும். பூ வாடும்போதுதான் இலை தலைகாட்டும். மழைக்காலம் முழுக்க இலை நின்று, பனிக்காலத்தில் பழுத்து விழும். அப்புறம் தொட்டியில் ஒன்றும் இருக்காது. புதிதாக வருகிறவர்கள் காலித்தொட்டி என்று கொட்டிவிடுவார்கள். நானே இரண்டைக் கொட்டி, முதலாளியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்களுடையதும் அப்படியாக இருக்கலாம். நீங்கள் பார்த்த பூவும் பெயர்த்த இலையும் ஒரே கிழங்குடையவை. இரண்டும் ஒரே சமயத்தில் வெளியே வராது, அதனால் பார்க்கிறவர்கள் வேறு வேறு செடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் செடி சாகவில்லை, தூங்குகிறது. தூங்குகிறவர் வாயில் தினமும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? நிறுத்துங்கள். மண் அடியோடு காய்ந்துவிடாமல் எப்போதாவது லேசாகத் தெளித்தால் போதும். நிழலில் இருக்கட்டும்.

எனக்கு உறுதியாகத் தெரியாது. ஏற்கெனவே இரண்டு முறை தப்பாகச் சொன்னவள்.

அக்கா தபாலுக்காக வாசலில் நிற்பது எனக்குத் தெரியாது. நிஜமாகவா?


மார்ச் 11

அன்புள்ள பந்து லில்லிக்கு,

இது எப்படி இருக்கிறது? முறை தெரியாத இடத்தில் செடிப் பெயர். நீ நலமா? நான் மிக நலம், ஏனென்றால் நீ சொன்னது சரி. நான் சொன்னதும் சரி.

நீ எழுதியதை எடுத்துக்கொண்டு போய், இலை இல்லாத பூ என்று நூலகத்தில் தேடினேன். கிடைத்துவிட்டது. ஓரிலைத்தாமரை! தாமரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆர்க்கிட் குடும்பம்தான், தரையில் வளர்வது. பூத்து முடிந்த பிறகு ஒரே ஓர் இலை விடும். வறண்ட காலத்தில் கிழங்காகத் தூங்கும். வகுப்பில் சொன்னேன். ஒருவன், "பேர்லயே ஓரிலைன்னு இருக்கு, இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷமா?" என்றான்.

இரண்டு கிழங்கும் உயிரோடு இருக்கின்றன. தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி கெட்டி. கரியில் இருந்ததுதான் கொஞ்சம் இளைத்திருக்கிறது.

இப்போது ஒரு கஷ்டம். பயிற்சிக்காக எங்களை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். விடுதியில் செடி வைக்கக்கூடாது. இங்கே விட்டுப்போகவும் பயம். அண்ணி ஒரு குவளைத் தண்ணீரோடு தொட்டிப் பக்கம் நடமாடுவதை நானே கண்டுபிடித்திருக்கிறேன். "பாவமா இருக்குடி, ஒரு வாய் குடிக்கட்டுமே" என்கிறார். அதனால் அடுத்த வாரம் அண்ணன் அந்தப் பக்கம் வரும்போது தொட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு கிழங்கும் ஒரே தொட்டியில் இருக்கின்றன. வெறும் மண்ணாகத்தான் தெரியும். உன்னைத் தவிர யாரிடமும் கொடுக்க மனசில்லை. உன்னிடம் கொடுக்கவும் முழு மனசு இல்லை, ஆனாலும் கொடுக்கிறேன்.

உன் அப்பாவுக்கு என் வணக்கம்.

பாப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமா?

பின்ரூம் காலியாகிவிட்டது, என்னை உடனே அனுப்பச் சொல் என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாம். அப்பா அப்போதே பையைத் தேட ஆரம்பித்துவிட்டார். இப்போது வர முடியாது அக்கா. தொட்டியை யாரிடம் விட்டுவிட்டு வருவது? மழை வந்தபிறகு பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு


ஜூன் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

என்னைவிடப் பெரியவளைப் பாப்பா என்று எழுத எனக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். நலமா? விடுதிச் சாப்பாடு எப்படி? இந்தக் கடிதத்தைப் படித்தால் உங்கள் கால் தரையில் நிற்காது.

பூத்துவிட்டது!

முதல் மழை பெய்த பிறகு மண்ணில் ஒரு முள் மாதிரி எட்டிப்பார்த்தது. களையோ என்று நினைத்தேன், ஆனாலும் கை வைக்கவில்லை. கிடுகிடுவென்று உயர்ந்து, நுனியில் மூன்று மொட்டு. இன்று காலை இரண்டு திறந்திருக்கின்றன. நீங்கள் போட்ட படத்தில் பச்சைதான் இருந்தது. நேரில் பார்த்தால் வெளி இதழ்கள் வெளிர்பச்சை, நடுவில் உதடு மாதிரி ஒன்று, வெள்ளையில் ஊதா நரம்பு ஓடுகிறது. தலையைத் தொங்கப்போட்டிருப்பதால் முகம் தெரியவில்லை. நான் தரையில் படுத்து, கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தேன். முதலாளியம்மா வந்து, "என்னடி, மயக்கமா?" என்றார். "இல்லீங்க, பூவைப் பார்க்கறேன்" என்றேன். பாதி உடம்பு குனிந்து பார்த்தார், முடியவில்லை. பிறகு அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு ஆபத்தும் வந்துபோனது. போன வாரம் வந்த ஒரு வாடிக்கையாளர், "இந்தக் காலித்தொட்டி விலைக்கா?" என்று தூக்கப்போனார். நான், "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். நர்சரியே திரும்பிப் பார்த்தது. அவர் தொட்டியை வைத்துவிட்டு என்னிடமே மன்னிப்புக் கேட்டார். "இவளுக்குக் குரல் இருக்கா!" என்று முதலாளியம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரியில் இளைத்த கிழங்கில் இன்னும் ஒன்றும் காணோம். அதற்காகக் காத்திருக்கிறேன். பூ சில நாள்தான் நிற்கும் போலிருக்கிறது, அதனால் இதைக் கையோடு தபாலில் போடுகிறேன். அடுத்ததில் இன்னும் எழுதுகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

உங்கள்,
பந்து லில்லி


ஜூன் 19

ஏண்டி,

பூ பூத்ததாம்.

பாப்பா விடுதியிலிருந்து போன் செய்தாள். "அண்ணி, உங்க தங்கச்சி எழுதியிருப்பாளே, ரெண்டு பூவாமே, உதட்டுல ஊதாக் கோடாமே!" என்று ஒரே குதியாட்டம். நான், "ஆமாமா, எழுதினா, எழுதினா" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாமா வந்து, "என்ன ஆச்சு, யாருக்கு என்ன?" என்று பயந்துபோய்விட்டார். "ஒண்ணுமில்ல, பூத்திருக்காம்" என்றேன். "அதுக்கு ஏன் அழறே?" என்றார். இந்த ஆண்களுக்கு என்னத்தைச் சொல்ல.

அவளுக்கு நான்கு பக்கமாம். தரையில் படுத்துப் பார்த்தாயாம். யாரையோ பார்த்துக் கத்தினாயாம். நீ கத்தியதை நீ பிறந்ததிலிருந்து நான் கேட்டதில்லை, அதை ஒருத்தி எனக்குப் படித்துக்காட்டுகிறாள். எனக்கு வந்தது ஏப்ரலில் ஒரு அரைப் பக்கம். அதிலும் நான் வா என்று கூப்பிட்டதற்கு, தொட்டியை யாரிடம் விடுவது என்று கேள்வி. தண்ணீர் ஊற்றாதே என்று என்னை மட்டும் மிரட்டி ஒதுக்கிவிட்டு, நீங்கள் இருவரும் சேர்ந்துகொண்டீர்கள். நடுவில் இருந்து கடிதத்தை இங்கும் அங்கும் கடத்தியது நான்.

போகட்டும். பூ உதிர்ந்திருக்கும், இனி இலை வரும், அதுவும் ஒன்றே ஒன்றுதான், அதற்கு நீ காவல் நிற்க வேண்டியதில்லை. முதலாளியம்மா பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவுக்குத் தைலம் வாங்கி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறு. நான் நிலையத்தில் நிற்பேன்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வராதே. கொஞ்ச நாள் என்னோடு மட்டும் இரு.

உன்,
அக்கா